முதல் கையெழுத்து

அத்தியாயம் 7

இந்த அத்தியாயத்தை விட்டுவிட்டு நேராக எட்டாவதுக்குப் போய்விடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். முந்திய ஆறு அத்தியாயங்களிலும் துப்பறியும் பழனியப்பன் கெட்டிக்காரன். தைப்பிங்கில் காணாமல் போன மாப்பிள்ளையைக் கமுந்திங்கில் பிடித்தவன். லூமுட் படகுத்துறையில் பெட்டியை மாற்றியவனைச் செருப்பை வைத்தே கண்டுபிடித்தவன். அதையெல்லாம் எழுதும்போது பேனா தானாக ஓடியது. இதை எழுத உட்கார்ந்தால் காது சூடாகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். நான் எழுதாவிட்டால் என் உதவியாளன் நூஹு எழுதிவிடுவான், அவன் எழுதினால் இன்னும் கேவலமாக இருக்கும்.

1979, ஒரு சனிக்கிழமை, பகல் இரண்டு மணி. ஈப்போ லஹாட் ரோட்டில் ‘கிந்தா மணி’ வார இதழின் அலுவலகம். ஆசிரியர் சின்னையா பதினொரு சின்ன நோட்டுப் புத்தகங்களை மேசைமேல் விசிறிப் போட்டார்.

“பாருய்யா பழனி. பதினோரு வாரம். ஏழு வாரம் ஒரே பொம்பளை கையெழுத்து. ஊரே சிரிக்குது.”

விஷயம் இதுதான். இதழில் ‘டப்பா வேட்டை’ என்று ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. ஜெலாப்பாங்கைத் தாண்டி ஏழாங்கட்டைத் தோட்டம் என்று ஒன்று உண்டு. துண்டு துண்டாக விற்று, பாதி வீடமைப்பு, பாதி கைவிட்ட ரப்பர் மரம் என்று கிடந்தது. அதற்குள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பிஸ்கட் டின் ஒளித்து வைக்கப்படும். ஞாயிற்றுக்கிழமை இதழில் நாலு வரிப் பாட்டாக ஒரு குறிப்பு வரும். டின்னுக்குள் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருக்கும். முதலில் கண்டுபிடிப்பவர் பெயரையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். பன்னிரண்டு வாரத்தில் அதிகமுறை முதல் கையெழுத்துப் போட்டவருக்குத் தையல் மிஷின்.

டின்னை ஒளித்து வைத்தவன் நான். துப்பறிபவன் வாய் திறக்கமாட்டான் என்று சின்னையாவே கேட்டுக்கொண்டார். தவிரவும் நான் அந்தத் தோட்டத்தில் எட்டு வருடம் வெளிக்காட்டுக் கிராணியாக இருந்தவன். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, செக்ரோல் புத்தகத்தில் வருகையைக் குறித்து, ஆட்களைப் பிரித்து விடுவதும், ரப்பர் பாலுக்காக மரத்தின் பட்டையை ஒழுங்காக வெட்டியிருக்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பதும் என் வேலை. மூலை முடுக்கெல்லாம் தெரியும். இடம் எது என்பது எனக்கும் சின்னையாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று ஏற்பாடு.

அந்த ஏழு கையெழுத்தும் இருளாயி என்ற பெண்ணுடையது. ஜெலாப்பாங்கில் ஒரு ரப்பர்ச் செருப்புப் பேக்டரியில் வேலை, முன்பு ஏதோ தோட்டத்தில் பால்மரம் வெட்டியவளாம். இரண்டாவது இடத்தில் மூன்று கையெழுத்தோடு மாயாண்டி என்ற பஸ் டிரைவர். புகார் கொடுத்தவரும் அவர்தான்.

“நேரத்தைப் பாரு” என்றார் சின்னையா.

பார்த்தேன். காலை ஆறு பத்து. ஆறே கால். ஆறு இருபது. அவள் போட்ட ஏழிலும் அப்படித்தான். ஆனால் பேப்பர் வேன் ஜெலாப்பாங் கடைக்கு வருவதே ஏழு மணிக்கு.

“பேப்பரே வராத நேரத்துல குறிப்பை எவன்யா அவளுக்குப் படிச்சுக் காட்டுனான்?”

நூஹு ஜன்னலோரம் சாய்ந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தான். வயது முப்பத்தைந்து. பத்து வருடம் ஈப்போவில் டாக்சி ஓட்டியவன். இப்போது அவனுடைய பழைய மோரிஸ் காடிதான் எங்கள் துப்பறியும் நிலையத்தின் ஒரே சொத்து.

“மத்தவங்க எப்படி வாராங்கன்னு தெரியுமாண்ணே?” என்றான் நூஹு. “மாயாண்டி அண்ணன் அஞ்சு மணிக்கே பிரஸ் வாசல்ல நிக்கிறாரு, ஆறரைக்குக் கட்டு எறங்கறப்பவே ஒண்ண உருவிக்கலாம்னு. மெங்லம்பு ஆளு ஒருத்தரு தம்பிங்க மூணு பேரையும் தோட்டத்துல மூலைக்கு ஒருத்தனா நிறுத்தி வச்சிருக்காரு. புந்தோங்ல ஒரு வாத்தியாரு, போன வாரப் பாட்டையெல்லாம் வெட்டி ஒட்டி, எதுகை மோனை வச்சே எடத்த ஜோசியம் பாக்குறாரு. போன வாரம் அவரு போய்ச் சேர்ந்த எடம் போலீஸ் ஸ்டேஷன் கக்கூஸ்.”

“விஷயத்துக்கு வா.”

“வாரேன்லா. திருடுறவ யாராச்சும் திருடுன நேரத்த எழுதி வச்சிட்டுப் போவாளா? ஏழரைன்னு போட்டா முடிஞ்சிச்சு. ஏழு தடவையும் உண்மை நேரத்த எழுதியிருக்காங்க. இடிக்குதுண்ணே.”

அந்த வழக்கில் கிடைத்த ஒரே நல்ல துப்பு அதுதான். அதைக் கண்டவன் என் உதவியாளன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்த வார்த்தையை அப்படியே எழுதுகிறேன், மாற்றவில்லை.

“மரம் வெட்டின பொம்பளை. அவ்வளவு யோசிக்கத் தெரியாது.”

நூஹு கச்சான் தொலியை ஜன்னலுக்கு வெளியே ஊதினான்.

சின்னையா கடிகாரத்தைக் காட்டினார். நான்கு மணிக்குப் பக்கம் மூடவேண்டும். இது கடைசி வாரம், பன்னிரண்டாவது டின் யாருக்குக் கிடைத்தாலும் முதலிடம் மாறாது. நாளைய இதழில் முடிவு வந்தே ஆகவேண்டும். விசாரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் முதல் பக்கத்தில் பெட்டி கட்டி என் பெயர் போடுவதாகச் சொன்னார்.

எழுதிக் கொடுத்தேன்: ‘ஜெலாப்பாங் செருப்புப் பேக்டரியில் வேலை செய்யும் இருளாயி, டப்பா இருக்குமிடத்தை முன்கூட்டியே ரகசியமாகக் கேட்டறிந்து ஏழு வாரம் வாசகர்களை ஏமாற்றியிருக்கிறார். அவருடைய கையெழுத்துகள் செல்லாது. துப்பறியும் பழனியப்பன்.’

அவள் ஏமாற்றினாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லிக் கொடுத்தது யார் என்பதுதான் பாக்கி. அதற்கு ஒரு வலை பின்னினேன்.

ஒரு டின்னுக்குப் பதில் மூன்று டின். முதல் டின் கள்ளுக்கடைப் பின்சுவரில். பேப்பரில் வரப்போகும் குறிப்பு அதற்குத்தான், அந்த இடம் சின்னையாவுக்கு மட்டும் தெரியும். இரண்டாவது டின் பழைய பள்ளிக்கூட மணிக்கம்பத்தடியில். அதை ‘இந்த வார இடம்’ என்று நூஹுவிடம் மட்டும் வாய்தவறிச் சொல்வதுபோலச் சொல்லி வைத்தேன். மூன்றாவது டின்னின் இடம் என்னைத் தவிர ஈ எறும்புக்குத் தெரியாது. அவள் கள்ளுக்கடைக்குப் போனால் ஓட்டை அச்சகத்தில். பள்ளிக்கூடத்துக்குப் போனால் ஓட்டை என் பக்கத்திலேயே. மூன்றாவதுக்குப் போக வழியே இல்லை.

ஆறு வருடம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவனை அப்படிச் சோதித்தேன்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு, வழக்கம்போல, நூஹு தோட்டத்து முச்சந்தியில் காடியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். முதல் இரண்டு டின்னையும் வைத்தாயிற்று. மூன்றாவதுக்கு இடம் முன்கூட்டி முடிவு செய்யவில்லை. அதுதான் என் சாமர்த்தியம். மனதில் இல்லாததை எவன் திருட முடியும்? கால் போன போக்கில் நடந்தேன். தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில் ஒரு மரம் தோதாகப் பட்டது. டின்னை ரப்பர் ஷீட்டில் சுற்றி, சைக்கிள் ட்யூப் துண்டால் கட்டி, வேருக்கு நடுவில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிறு காலை ஐந்தேமுக்கால். முச்சந்தியில் லாலாங் புல் ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அதற்குள் நானும் நூஹுவும் குந்தியிருந்தோம். முச்சந்தியில் இடது பக்கம் போனால் கள்ளுக்கடை. வலது பக்கம் பள்ளிக்கூடம். நேராகப் போனால் தண்ணீர் டாங்கி.

“டாக்சிலயே இருந்திருக்கலாம்” என்று முணுமுணுத்தான் நூஹு. “அதுல பயணிதான் கடிப்பான். இங்க கொசு.”

“வாயை மூடு. சைக்கிள் சத்தம்.”

வெளிச்சம் அப்போதுதான் சாம்பலாக வந்துகொண்டிருந்தது. பேக்டரி நீலச் சட்டையும் கைலியுமாக, நாற்பது வயதுக்குள் ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். முச்சந்தியில் வேகம்கூடக் குறைக்கவில்லை. இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. நேராகப் போனாள்.

“அண்ணே, பள்ளிக்கூடம் வலது பக்கம்லா. இவங்க நேரா போறாங்க.”

“டின் பள்ளிக்கூடத்துல மட்டும் இல்ல நூஹு. மூணு டின். ஆளுக்கொரு இடம் சொன்னேன்.”

அவன் கணக்கைப் போட்டு முடிக்க ஒரு நொடி ஆனது. முகம் மாறியதைப் பார்த்தேன்.

“அப்ப வலை எனக்குமா?”

நான் சைக்கிள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பத்து வருசம் டாக்சி ஓட்டுனேண்ணே. பின் சீட்டுல எவனெவனோ என்னென்னமோ பேசுனான். ஒண்ணுகூட என் வாயிலேர்ந்து எறங்குனதில்ல.” அதற்குமேல் அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அது எனக்குக் கொசுக்கடியைவிட அதிகமாக உறைத்தது.

புல்லோரமாகக் குனிந்தபடியே பின்தொடர்ந்தோம். தண்ணீர் டாங்கியருகே அவள் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினாள். பாதையிலிருந்து மரங்களை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. குனிந்தாள். டின் கையில் வந்துவிட்டது. மொத்தம் அரை நிமிடம் ஆகியிருக்காது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே குரல் கொடுத்தாள்.

“கிராணி ஐயா, அந்தப் புல்லுல அட்டை கெடக்கும். எந்திரிச்சு வாங்க.”

எழுந்தேன். வேறு வழி? பேண்டில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிக்கொண்டு, போலீஸ் குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

“இடத்தை யார் சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க. நீங்கதான்.”

“நானா?”

“ஒங்க காலு சொல்லிச்சு.” அவள் ட்யூப் முடிச்சை என் முகத்துக்கு நேரே காட்டினாள். மூன்று சுற்றுச் சுற்றி நுனியை உள்பக்கம் செருகிய முடிச்சு. “மொத வாரம் பேப்பரப் படிச்சிட்டுத்தான் வந்தேன். மாயாண்டி அண்ணன் முந்திக்கிட்டாரு. ஆனா இந்த முடிச்சப் பாத்தேன். செக்ரோல் பொஸ்தகத்த சைக்கிள் கேரியர்ல இப்படித்தான் நீங்க கட்டுவீங்க. அப்ப ஒளிச்சு வக்கிறது நம்ம கிராணின்னு தெரிஞ்சிபோச்சு.”

“அதனால?”

“மொத வாரம் பெரட்டுக் களம். ரெண்டாவது பால் ஸ்டோரு. மூணாவது ஆயாக் கொட்டாய். அப்புறம் ஆஸ்பத்திரி ரோடு. காலையில பெரட்டு முடிஞ்சு நீங்க சைக்கிள்ள சுத்தி வர்ற அதே வழி ஐயா. வரிசைகூட மாறல. பன்னெண்டாவது எடம் தண்ணி டாங்கி. இங்க ஒக்காந்துதான் தேத்தண்ணி குடிப்பீங்க. கள்ளுக்கடைப் பக்கமோ பள்ளிக்கூடத்துப் பக்கமோ நீங்க ஒருநாளும் வந்ததில்ல.”

நூஹு மெதுவாகக் கேட்டான். “அக்கா, ஏன் மூணாவது மரம்?”

“மொத மரத்தப் பாத்தா, கிராணி ரோட்டுலயே நின்னுட்டாருன்னு தொரை ஏசுவாரு. உள்ள போனா அட்டை, அப்புறம் வாய்க்கா மாதிரி கான்ல தண்ணி, சப்பாத்து நனையும். அதனால எப்பவும் மூணாவது மரம்தான் பாப்பாரு. அது எங்க எல்லாருக்கும் தெரியும். மூணாவது மரத்த மட்டும் பட்டை நோகாம அழகா வெட்டி வச்சிருப்போம். மத்தது எல்லாம் எங்க இஷ்டம்.”

நூஹு சிரித்துவிட்டான். அந்த நிலையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்ததில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி.

எட்டு வருடம் அந்தத் தோட்டத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தவன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. ஒவ்வொரு நாளும் எனக்காகச் சோடித்து வைத்த ஒரே ஒரு மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

“நீங்க எங்களப் பாத்ததவிட நாங்க ஒங்களப் பாத்ததுதான் ஜாஸ்தி ஐயா. ஒங்களப் பாத்துத்தானே நாங்க பொழைக்கணும்?” அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்யும் வெயில் அடிக்கும் என்பதுபோலச் சொன்னாள். “என்னைத் தெரியுதா?”

முகத்தை உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை.

“நாப்பத்தி மூணாம் நம்பரு.”

செக்ரோலில் அந்த நம்பர் உடனே ஞாபகம் வந்தது. எந்த மர நிரை, எத்தனை மரம் என்றுகூட வந்தது. ஆள் வரவில்லை. தினமும் விடியலில் என் முன்னால் வந்து நின்றவள். ஏழு நோட்டிலும் இருளாயி என்ற பெயரைப் படித்தும் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

“மத்த நாலு வாரம் ஏன் விட்டீங்கக்கா?” என்றான் நூஹு.

“மொதத் தடவை தெரியாம விட்டேன். மத்த மூணு தடவ ஞாயித்துக்கெழம ஷிப்டு.” அவள் நோட்டைத் திறந்து பெயரை எழுதினாள். நிதானமான, பெரிய எழுத்து. என் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்து ‘6.20’ என்று போட்டாள். பிறகு நிமிர்ந்தாள். முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு.

“இன்னிக்குப் பேப்பர்ல முடிவு வருதாமே? பேக்டரியில எங்க லைன்ல நாப்பது பேரு. எல்லாரும் அதே பேச்சுதான். மிஷின் வந்துச்சுன்னா வேலைய விட்டுட்டு வீட்லயே ரவிக்கை தைக்கலாம்னு இருக்கேன். என் பேரு வந்திருக்குங்களா ஐயா?”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அங்கே மூன்று பேரைத் தவிர ஆள் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தால்கூடப் போதும்.

“வந்திருக்கு” என்றேன்.

அவள் சைக்கிளில் ஏறிக் கடைப்பக்கம் மிதித்தாள். வேகமாக மிதித்தாள்.

நூஹு என்னை மேலும் கீழும் பார்த்தான். “என்னண்ணே எழுதிக் குடுத்தீங்க?”

சொன்னேன். அவன் காடியை நோக்கி ஓடினான். நானும் ஓடினேன். அவளுக்கு முன் போய் எல்லாப் பேப்பரையும் வாங்கிவிடலாம் என்பது என் திட்டம். அந்த நேரத்திலும் உண்மையைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பேப்பரை மறைக்கத்தான் தோன்றியது.

மோரிஸ் எட்டு முறை இருமிய பிறகுதான் கிளம்பியது. பெரிய ரோட்டில் அவளைத் தாண்டினோம். அவள் கையசைத்தாள்.

முடிவு வரும் வாரம் என்று அன்றைக்கு ஜெலாப்பாங் கடைக்கு வேன் ஏழு மணிக்கு முன்பே வந்து போயிருந்தது. காப்பி குடிக்க வந்தவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், டப்பா வேட்டைக்காரர்கள் என்று இருபது முப்பது பேர். பெஞ்சியில் உட்கார்ந்து மாயாண்டி என் பத்தியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். ‘ஏமாற்றியிருக்கிறார்’ என்ற இடத்தை இரண்டு முறை படித்தார். நீலச் சட்டை போட்ட பெண்கள் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள்.

சைக்கிள் வந்து நின்றது. கூட்டம் விலகியது. ஒருத்தி பேப்பரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். இருளாயி கையை நீட்டினாள். வாங்காமல் விடமாட்டாள் என்று தெரிந்து மறைத்தவள் கொடுத்துவிட்டாள்.

இருளாயி விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். கடைசி வரியில் என் பெயர் இருந்தது. விரல் அங்கே நின்றது.

நான் காடிக்குள்ளேயே இருந்தேன். நூஹு என் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். “எறங்குங்கண்ணே.”

இறங்கினேன். என்ன பேசினேன் என்பது முழுதாக ஞாபகமில்லை. அவள் யாரிடமும் கேட்கவில்லை, ஏழு முறையும் நேர்மையாகக் கண்டுபிடித்தாள், விசாரிக்காமல் எழுதியது நான், எல்லாம் என் தப்பு என்று சொன்னேன். குரல் எங்கோ போய்விட்டது. பின்னால் நின்றவர் “என்ன சொல்றாரு?” என்று கேட்டார். மறுபடி, உரக்கச் சொல்லவேண்டியதாயிற்று.

“அடுத்த ஞாயிறு முதல் பக்கத்துல திருத்தம் போடச் சொல்றேன்மா. மிஷின் ஒங்க வீட்டுக்கு வந்துடும். அதுக்கு நான் பொறுப்பு.”

அவள் பேப்பரை நான்காக மடித்தாள்.

“பேப்பரு அடுத்த ஞாயித்துக்கெழமதான் வரும் ஐயா. நான் நாளைக்குக் காலையில வேலைக்குப் போவணும்.”

அவ்வளவுதான் சொன்னாள். ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்துபோனாள், ஏறி ஓட்டவில்லை.

திரும்பும் வழியில் நூஹுவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினான். மெங்லம்பு தாண்டியதும் கேட்டான்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு ஷிப்டு ஆரம்பம்னு கேட்டீங்களாண்ணே?”

“ஆறரை.”

“அஞ்சரைக்கு வாரேன்.”

திங்கள் காலை அந்தப் பேக்டரி வாசலில் நின்றேன். பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். தமிழர்களிடம் தமிழில், மலாய்க்காரப் பெண்களிடம் மலாயில், சீனர்களிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைக் கந்தோனீசில், உள்ளே போன ஒவ்வொருவரிடமும் சொன்னேன். இருளாயி ஏமாற்றவில்லை, பேப்பரில் வந்தது பொய். சிலர் நின்று கேட்டார்கள். பலர் பைத்தியம் என்று விலகிப் போனார்கள். காவலாளி இரண்டு முறை விரட்டினான். நூஹு ஏதோ சொல்லி அவனைச் சமாளித்தான். இருளாயியும் வந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது நடையைக் குறைக்கவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.

மணி அடிக்கப் போகும் நேரம். கடைசி பஸ்ஸில் வந்த ஒரு பெண் மட்டும் நின்று முழுதும் கேட்டாள். மேலும் கீழும் பார்த்தாள்.

“இருளாயி அக்காவுக்காக இவ்வளவு பேசுறீங்களே, நீங்க யாரு?”

சட்டைப் பையில் விசிட்டிங் கார்டு இருந்தது. ‘துப்பறியும் பழனியப்பன், ஈப்போ’ என்று தங்க எழுத்தில் அச்சடித்த கார்டு. கை அந்தப் பக்கம் போகவில்லை.

“அந்தப் பொய்ய எழுதுனவன்மா” என்றேன்.